அப்பா அம்மாவோடு சிகாகோ கோடை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அம்மா வாசல் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "ஏத்தா, இந்த ஊர்ல மனுசமக்க இருக்காங்களா இல்லையா?" நாங்கள் இருப்பது சிகாகோவின் புறநகரான நேப்பர்வில் பக்கம். காலையில் எல்லாக் கார்களும் கிளம்பிப் போய்விட்டால் அப்புறம் சாயங்காலம்வரை தெருவில் ஒரு அணில் ஓடினால்தான் உண்டு. பரமக்குடியில் வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் பத்துப் பேரிடம் நலம் விசாரித்துவிட்டுத்தான் அம்மா எழுந்திருப்பாள். அவளை இங்கே கொண்டுவந்து ஏசி போட்ட வீட்டில் உட்கார வைத்து, சாயங்காலம் ஆனால் யூடியூபில் ஏதாவது போட்டுக் கொடுத்து, சனிக்கிழமை ஆனால் பெரிய பெரிய கடைகளுக்குக் கூட்டிப்போனால் அது ஒரு பயணமா? முதல் தடவை அவர்கள் வந்தபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். கிளம்பும்போது அம்மா வெளியே சொல்லவில்லை, ஆனால் விமான நிலையத்தில் அவள் முகத்தில் இருந்தது நிம்மதி.

இரண்டாவது தடவை வந்தபோது வேறு மாதிரி செய்தோம். அந்தக் கோடையில் பார்த்தது, போனது, காசு கொடுத்தது, கொடுத்து வருத்தப்பட்டது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மாவையோ மாமனார் மாமியாரையோ கூப்பிட்டு வைத்திருக்கும் யாருக்காவது உதவும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகாகோவின் கோடையில் வயதானவர்களுக்குக் காசு கொடுத்துக் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்றுதான், கட்டடங்களைக் காட்டி விளக்கிக்கொண்டே ஆற்றில் போகும் கட்டடக்கலைப் படகு. மற்றபடி நன்றாக இருப்பவை எல்லாம் திறந்த வெளியில், இனாமாக, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பவை. நம் ஊர்க்காரர்களுக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

முதல் தடவை செய்த தப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரில் போனோம். நகரின் நடுவில் இருந்த ஒரு அடித்தள நிறுத்தகத்தில் காரை விட்டுவிட்டு ஐந்து மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் ஐம்பது டாலருக்கு மேல் கட்டணம், அதை அப்பா உடனே மனதுக்குள் எண்பத்து சொச்சத்தால் பெருக்கிவிட்டு அன்று முழுக்கப் பேசவே இல்லை. அடுத்து மேல்தளம் திறந்த சுற்றுலாப் பேருந்து. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம், அடுத்த பேருந்தில் ஏறலாம், பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று வரும் என்று சொல்லித்தான் சீட்டு விற்றார்கள். ஜூலை வெயிலில், நிழலே இல்லாத ஒரு திருப்பத்தில், அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, நாற்பது நிமிடம் நின்றோம். வந்த பேருந்தில் மேலே இடம் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய இரண்டு மின்னஞ்சலுக்கும் பதில் வரவில்லை. இளவட்டங்களுக்கு அது பரவாயில்லையாக இருக்கலாம், முழங்கால் வலி உள்ளவர்களை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வில்லிஸ் கோபுரத்தின் 103ஆவது மாடிக்கும் போனோம். சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டியில் நின்று கீழே தெருவைப் பார்க்கலாம், பையன் அதில் படுத்துக்கொண்டே படம் எடுத்தான். அம்மா காலை வைக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் ஊர் வரைபடம் மாதிரி தெரிகிறது, மனிதர்கள் தெரிவதில்லை. பிள்ளைகளோடு போங்கள், பெரியவர்களுக்கு அவசியமில்லை.

சரி, இனி நல்லவை.

முதலில் ரயில். மெட்ரா என்கிற புறநகர் ரயிலில் ஏறினால் நேராக யூனியன் ஸ்டேஷனில் இறங்கலாம், வார இறுதிக்கு மலிவான சீட்டு தனியாக உண்டு. இரண்டடுக்குப் பெட்டி, குளுகுளுவென்று இருக்கும், கழிப்பறை இருக்கிறது. அப்பாவுக்கு ரயில் என்றால் உயிர், ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அம்மாவின் புடவையைத் தொட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல, அம்மா முந்தானையை விரித்து ஜரிகையைக் காட்ட, இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஒன்றுகூட இல்லாமலேயே ஹின்ஸ்டேல் வரைக்கும் பேசிக்கொண்டு வந்தார்கள். காரில் வந்திருந்தால் இது நடக்குமா?

படகுப் பயணம் பல நிறுவனங்கள் நடத்துகின்றன. நாங்கள் போனது சிகாகோ ஆர்கிடெக்சர் சென்டர் நடத்துவது, படகின் பெயர் சிகாகோஸ் ஃபர்ஸ்ட் லேடி. ஒன்றரை மணி நேரம். ஆளுக்கு ஐம்பது டாலரைத் தாண்டும், நான்கு பேர் என்றால் யோசிக்கத்தான் வைக்கும். ஆனாலும் கொடுக்கலாம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், ஒலிபெருக்கியில் பேசுகிறவர்கள் சம்பளத்துக்குப் பேசுகிறவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். இந்த ஊர்க் கட்டடங்கள் மேல் பைத்தியமாக இருப்பவர்கள். எங்களுக்கு வந்தவர் நரைத்த தலையுடன் ஒரு அம்மையார், பாலத்துக்குப் பாலம் நின்றுகொண்டே பேசினார், ஒரு காகிதத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மிஷிகன் அவென்யூ பாலத்தடியில் ஏறினோம். பாலத்திலிருந்து படகுத்துறைக்குப் படிகள் இறங்க வேண்டும், மெதுவாகக் கூட்டிப்போங்கள், அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். மேல்தளத்தில் வலதோ இடதோ, எங்கே உட்கார்ந்தாலும் சரிதான், போகும்போது ஒரு கரையைப் பார்த்தால் வரும்போது மறு கரை. தொப்பி கட்டாயம்.

வரலாற்றையெல்லாம் நான் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை, அப்பாவைப் பிடித்து உலுக்கிய இரண்டை மட்டும் சொல்கிறேன். 1871 அக்டோபரில் இந்த ஊர் எரிந்தது. இரண்டு நாளுக்கு மேல் எரிந்து, சுமார் 300 பேர் செத்து, ஒரு லட்சம் பேர் வீடில்லாமல் போனார்கள். எரிந்த இடத்தில்தான் இத்தனையும் எழுந்தது. 1885இல் பத்து மாடியில் இரும்புச் சட்டத்தை நம்பி எழுப்பிய ஒரு கட்டடத்தைத்தான் முதல் வானுயர்க் கட்டடம் என்கிறார்கள், அது இப்போது இல்லை, 1931இல் இடித்துவிட்டார்கள். அங்கே தொடங்கி 1973இல் 110 மாடிக்கு வந்து நின்றிருக்கிறார்கள். அந்த 110 மாடி வில்லிஸ் கோபுரத்துக்குக் கணக்குப் போட்ட பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர். ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய மாதிரி ஒரு அமைப்பு, அதனால்தான் அவ்வளவு உயரத்திலும் காற்றுக்கு ஈடுகொடுத்து நிற்கிறது. நான் அதைத் தமிழில் சொன்னபோது அப்பா இடது கையில் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, "விறகுக் கட்டு மாதிரி" என்றார். ஒரு குச்சியை ஒடிக்கலாம், கட்டை ஒடிக்க முடியாது. அவர் முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர், உதாரணம் தானாக வந்து விழும்.

இன்னொன்று ஆறு. இந்த ஆறு முன்னாலே மிஷிகன் ஏரியில் போய் விழுந்துகொண்டிருந்தது. ஊர்க்கழிவு முழுக்க ஆற்றில், ஆறு ஏரியில், குடிக்கிற தண்ணீரும் அதே ஏரியில். அதனால் 28 மைலுக்கு ஒரு கால்வாயை ஆழமாக வெட்டி, 1900இல் ஆற்றையே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டார்கள். இப்போது ஏரித் தண்ணீர் ஆற்றுக்குள் வருகிறது, ஆறு ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. அப்பா இதை நம்பவே இல்லை. "தண்ணி மேட்டுக்கு ஏறுமா?" மேடு இல்லை அப்பா, பள்ளம் தோண்டினார்கள் என்றேன். அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வைகை கடல்வரைக்கும் போகத் தெம்பில்லாமல் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுபோகிற ஆறு. வருடத்தில் முக்கால்வாசி நாள் மணல்தான். அந்த ஆற்றங்கரையில் பிறந்தவருக்கு, ஆற்றையே திருப்பிவிட்டார்கள் என்பது மாடி எண்ணிக்கையைவிடப் பெரிய செய்தி. அன்று ராத்திரி ஊருக்கு வாட்ஸாப்பில் பேசியபோதும் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆற்றைப் பற்றித்தான்.

பையனுக்குப் பிடித்தது மெரினா சிட்டி. மக்காச்சோளக் கதிர் இரண்டை நட்டு வைத்த மாதிரி வட்டமான கோபுரங்கள், கீழே 19 மாடிக்குக் கார் நிறுத்தம். கார்கள் வெளியே பார்த்தபடி சுற்றிச் சுற்றி நிற்பது படகிலிருந்து நன்றாகத் தெரியும். "பிரேக் போட மறந்தா நம்ம மேல விழும்ல தாத்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். எனக்குப் பிடித்தது ஆறு இரண்டாகப் பிரியும் வுல்ஃப் பாயின்ட் திருப்பத்தில் நிற்கும் பச்சைக் கண்ணாடிக் கட்டடம். ஆற்றின் வளைவுக்குத் தகுந்தாற்போல அதுவும் வளைந்து நிற்கிறது, படகு திரும்பும்போது எதிர்க்கரை முழுக்க அதில் நெளிந்து நெளிந்து போகிறது.

ஒரு எச்சரிக்கை. விளக்கம் ஆங்கிலத்தில், வேகமாக இருக்கும். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தால்தான் பெரியவர்களுக்கு அது பயணம், இல்லாவிட்டால் வெறும் படகு. நான் முன்னாடி நாளே கொஞ்சம் படித்து வைத்துக்கொண்டேன், அது உதவியது.

படகிலிருந்து ஏறியதும் பாலத்தைத் தாண்டி டிரிப்யூன் கோபுரம் வரை நடந்து பாருங்கள், இரண்டு நிமிடம்தான். உலகத்தின் பல இடங்களிலிருந்து கொண்டுவந்த கல் துண்டுகளை அதன் வெளிச்சுவரில் பதித்து, கீழே பெயர் பொறித்திருக்கிறார்கள். தாஜ் மகாலின் துண்டும் இருக்கிறது. அம்மா அதைத் தடவிப் பார்த்தாள். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

அங்கிருந்து தெற்கே மிஷிகன் அவென்யூவிலேயே நடந்தால் ஆர்ட் இன்ஸ்டிட்யூட், வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கம். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது இங்கேதான். அந்தச் சாலையின் ஒரு பகுதிக்கு அவர் பெயரையும் வைத்திருக்கிறார்கள். அவர் இங்கே வருவதற்குத் துணை நின்றவர்களில் முக்கியமானவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி, 1897இல் விவேகானந்தர் திரும்பிவந்து பாம்பனில் இறங்கியபோது போய் வரவேற்றதும் அந்த மன்னர்தான். சேதுபதி சீமையில் வாழ்நாள் முழுக்க இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அப்பா அந்தப் படியில் நின்றார். படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன், இரு என்று கையைக் காட்டினார். சட்டைப் பொத்தானைப் போட்டு, தலையைச் சீவிக்கொண்டு, அப்புறம்தான் நின்றார். உள்ளே அருங்காட்சியகத்துக்குப் போகக் காசு, அதற்கு ஒரு நாள் தனியாக வேண்டும், அன்று போகவில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம், மில்லேனியம் பூங்காவின் புல்வெளி.

கிராண்ட் பார்க் மியூசிக் ஃபெஸ்டிவல் என்று ஒன்று 1935இலிருந்து நடக்கிறது. ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை புதன், வெள்ளி, சனி சாயங்காலங்களில் முழு இசைக்குழு, சில நாளில் பெரிய கோரஸ் பாடகர் கூட்டம், எல்லாம் மேற்கத்திய செவ்வியல் இசை. புதன், வெள்ளி ஆறரை மணிக்கு, சனி ஏழரைக்கு. புல்வெளிக்கு நுழைவுச் சீட்டு கிடையாது. மேடை கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்தது, எஃகுத் தகடுகளை ரிப்பன் மாதிரி வளைத்து விரித்து வைத்திருக்கிறார். முன்னால் நாற்காலிகள் 4,000, பின்னால் புல்லில் 7,000 பேர் உட்காரலாம்.

சொல்லவேண்டிய விஷயம் மேடை இல்லை, தலைக்கு மேலே உள்ள குழாய்ப் பந்தல். புல்வெளி முழுவதற்கும் மேலே வளைந்த எஃகுக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன, அதில் ஒலிபெருக்கிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதனால் கடைசி வரிசையில் மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தாலும் வயலின் பக்கத்தில் வாசிக்கிற மாதிரி கேட்கும், சத்தம் காதை அடைப்பதும் இல்லை. நம் ஊர்த் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே இடம் கிடைத்து அவதிப்பட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நாங்கள் முதலில் போனது ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா காலையிலேயே புளியோதரை கிளறி, ஆறவிட்டு, வாழை இலை இல்லாத குறைக்கு அலுமினியத் தாளில் மடித்து, தயிர்சோற்றுக்கு மாவடு தனியாக, உருளைக்கிழங்கு வறுவல் தனியாக என்று அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கிளம்புகிற மாதிரி கட்டினாள். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரலாமா, நம்மை ஏதாவது சொல்வார்களா என்று அவளுக்குப் பயம். வாசலில் பையைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான், போகச் சொன்னார்கள். உள்ளே போனால் ஊரே கட்டுச்சோற்றோடு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துப் பாயில் ஒரு குடும்பம் மடக்கு மேசை போட்டு, விரிப்பு விரித்து, மெழுகுவத்தி ஏற்றி வைத்துச் சாப்பிடுகிறார்கள். இந்தப் பக்கம் நான்கு மாணவர்கள் ஒரே பெட்டி பீட்சாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் பாருங்கள், அதுதான் அவள் அமெரிக்காவுக்கு வந்து இறங்கிய நாள் என்று நான் நினைக்கிறேன்.

இசை அவளுக்குப் பழக்கமில்லாதது. ஆரம்பிப்பதற்கு முன் எல்லோரும் சுதி சேர்ப்பார்கள் இல்லையா, அதையே கச்சேரி என்று நினைத்து நன்றாக இருக்கிறது என்றாள். அப்புறம் உண்மையில் ஆரம்பித்தபோது பேச்சு நின்றுவிட்டது. நடுவில் ஒரு இடத்தில் எல்லாக் கருவியும் அடங்கி ஒரே ஒரு புல்லாங்குழல் மட்டும் வர, அம்மா அப்பாவின் கையை மெதுவாகத் தட்டினாள். மேடைக்குப் பின்னால் கட்டடங்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொண்டிருந்தன, வானத்தில் இன்னும் வெளிச்சம். ஜூலையில் இங்கே எட்டரைக்குத்தான் சூரியன் மறைகிறது, விளக்கேற்றும் நேரம் தவறிப்போச்சே என்று தினமும் புலம்புகிறவள் அன்று புலம்பவில்லை.

அதன்பிறகு அந்தக் கோடையில் ஆறு தடவை போனோம். திங்கள், வியாழனில் வேறு வகை இசை, செவ்வாயில் படம் போடுவது என்று மற்ற நாளிலும் ஏதாவது நடக்கும், அந்தந்த வருட நிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைநாள் பகலில் ஒத்திகை நடந்தாலும் உட்கார்ந்து கேட்கலாம், யாரும் தடுப்பதில்லை. அப்பாவுக்கு ஒத்திகைதான் அதிகம் பிடித்தது. தப்பு வந்ததும் நடத்துநர் நிறுத்தி, மறுபடி அங்கிருந்தே வாசிக்கச் சொல்வதைப் பார்த்துவிட்டு, "இதுதான்யா பாடம் நடத்துறது" என்றார்.

அதே பூங்காவில் 'பீன்' என்று எல்லோரும் சொல்லும் அந்த அவரைவிதை வடிவச் சிற்பம் இருக்கிறது, சிற்பி அனிஷ் கபூர் செய்தது. 168 எஃகுத் தகடுகள், ஒட்டுப் போட்ட இடம் ஒன்றுகூடத் தெரியாது. எல்லோரும் போகிறார்கள், நீங்களும் போவீர்கள், பத்து நிமிடம் போதும். பிள்ளைகளுக்கு அதைவிட கிரவுன் ஃபவுன்டன். 50 அடி உயரத்தில் எதிரெதிராக இரண்டு கண்ணாடிக் கோபுரம், அதில் இந்த ஊர்க்காரர்களின் முகம் மாறி மாறி வரும், சட்டென்று உதட்டைக் குவித்து வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சும். பிள்ளைகள் அந்தத் தண்ணீருக்காகக் காத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டும். மாற்று உடுப்பும் துண்டும் எடுத்துப் போங்கள். நாங்கள் எடுத்துப் போகாமல் பையனுக்கு அப்பாவின் துண்டைக் கட்டிவிட்டு ரயிலேறினோம்.

இருட்டியதும் தெற்கே கொஞ்சம் நடந்தால் பக்கிங்காம் நீரூற்று. கேட் பக்கிங்காம் என்கிற பெண்மணி இறந்துபோன அண்ணன் நினைவாக 1927இல் ஊருக்குக் கட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு மணிக்கும் இருபது நிமிடம் ஆடும், நடுத்தாரை 150 அடி ஏறும், ராத்திரியில் வண்ண விளக்கும் இசையும் சேர்ந்துகொள்ளும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நில்லுங்கள், இல்லையென்றால் சாரல் முழுக்க உங்கள் மேல்தான். கோடை முழுக்க புதன், சனி ராத்திரிகளில் ஏரிக்குள் நீண்டிருக்கும் நேவி பியர் என்கிற துறையில் வாணவேடிக்கை, பத்து நிமிடம். பியருக்குள் போய்க் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை, ஏரிக்கரையில் எங்கே உட்கார்ந்தாலும் தெரியும்.

ஏரிக்கரை பற்றிச் சொல்ல வேண்டும். மிஷிகன் ஏரிக்கு அக்கரை தெரியாது, அலை அடிக்கும், கரையில் மணல். அம்மா அதைக் கடைசிவரை கடல் என்றுதான் சொன்னாள். காலை நனைத்துவிட்டு, உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்து, "உப்பே இல்ல!" என்று அவள் திரும்பிப் பார்த்த முகத்தை நான் மறக்க மாட்டேன். தேவிபட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் கடலைப் பார்த்துப் பழகினவளுக்கு, குடிதண்ணீர் அலை அடித்துக்கொண்டு கிடப்பது எப்படி இருந்திருக்கும்! கரையோரமாக 18 மைலுக்கு நடைபாதை போகிறது, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனித் தடம். தடம் மாறி நடந்துவிடாதீர்கள், சைக்கிள்கள் பறந்து வரும். பையனும் அவன் அப்பாவும் டிவ்வி என்கிற வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு வடக்கே போக, நாங்கள் மூன்று பேரும் ஆட்லர் கோளரங்கத்துப் படிகளில் உட்கார்ந்துவிட்டோம். ஊரின் கட்டட வரிசை முழுவதும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரிகிற இடம் அது. சாயங்காலம் போங்கள், சூரியன் அந்தக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும். 103ஆவது மாடிக்குக் கொடுத்த காசை நினைத்து எனக்கு வருத்தமாகிவிட்டது.

பெரிய விழாக்கள் என்று பார்த்தால் ஜூனில் புளூஸ் இசைவிழா, ஆகஸ்ட் கடைசியில் லேபர் டே விடுமுறையை ஒட்டி ஜாஸ் இசைவிழா, இரண்டும் இனாம், இரண்டுக்கும் கூட்டிப் போகலாம். ஆகஸ்டில் ஏரிக்கரையில் விமான சாகசம் இரண்டு நாள், அதுவும் இனாம்தான், ஆனால் போர் விமானம் தலைக்கு மேல் போகும்போது நெஞ்சு அதிரும், இதய நோய் இருப்பவர்களைத் தள்ளியே உட்கார வையுங்கள். ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில் கிராண்ட் பார்க்கில் லொலாபலூசா என்கிற பெரிய இசைவிழா நான்கு நாள். அந்த நான்கு நாளும் பெரியவர்களை நகரத்துக்குக் கூட்டிவரவே வேண்டாம், சாலை அடைப்பு, ரயிலில் நிற்க இடம் இருக்காது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆச்சரியமாக இருந்தது சம்மர்டான்ஸ். கிராண்ட் பார்க்கில் ஒரு திறந்த தளம், முதலில் ஒரு மணி நேரம் ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார்கள், அப்புறம் நேரடி இசைக்கு எல்லோரும் ஆடுகிறார்கள். எண்பது வயதுக் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கால் மாற்றி ஆடுவதை அம்மா கண் கொட்டாமல் பார்த்தாள். "நம்மூர்ல இந்த வயசுல திண்ணையில உக்கார வச்சிருவாங்க" என்றாள். அப்பாவை ஆடக் கூப்பிட்டேன், வர மாட்டார் என்று தெரியும். காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், அது போதும்.

சாப்பாட்டுக்குப் பெரியவர்களோடு வெளியே அலைய வேண்டாம், கட்டிக்கொண்டு போவதே உத்தமம். ஒரு நாள் மட்டும் இந்தியக் கடைகள் நிறைந்த டெவன் அவென்யூ போய் வாருங்கள். காந்தி மார்க் என்றுகூட ஒரு பகுதிக்குப் பெயர் உண்டு. தோசை கிடைக்கும், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும், முக்கியமாகத் தெருவில் ஜனம் நடக்கும்.

எடுத்துப்போக வேண்டியவை: சால்வை, குல்லா. சிரித்துக்கொண்டே விட்டுவிட்டுப் போகாதீர்கள், பகலில் 32 டிகிரி அடித்தாலும் ராத்திரி ஏரிக்காற்று வந்தால் 18க்கு இறங்கிவிடும், அம்மாவுக்கு முதல் நாளே சளி பிடித்தது. பாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, புல் ஈரமாக இருக்கும். கீழே உட்கார முடியாதவர்களுக்குக் குட்டையான மடக்கு நாற்காலி. ராத்திரி மாத்திரை. திரும்பும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே பார்த்து வையுங்கள், தவறவிட்டால் டாக்ஸிக்கு ஆகும் காசில் இன்னொரு தடவை படகில் போகலாம்.

செப்டம்பரில் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். பெட்டி கட்டும்போது அம்மா அந்தக் கோடுபோட்ட பிளாஸ்டிக் பாயைக் கழுவிக் காயவைத்து, சுருட்டி, கயிறு கட்டி, கார் நிறுத்தும் அறையில் மேல்தட்டில் வைத்துவிட்டு, "இதை யாருக்கும் குடுத்துறாத, அடுத்த தடவ வேணும்" என்றாள்.